பீட்டில்ஸின் ஆரம்ப ஆல்பங்கள்: கும்பகோணத்துக் கூடத்துக்கு எந்தப் பெட்டி?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸின் ஆரம்ப ஆல்பங்களுக்காக ஒரு பாக்ஸ் செட் (பல ஆல்பங்கள் ஒரே பெட்டியில்) வாங்கலாம் என்று எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் பணம் போடுகிறோம். நான் ஒருவன், மயிலாடுதுறையில் இருக்கும் சித்தி மகன் ஒருவன், அவனுடைய மாமனார் ஒருவர். மாமாவுக்குக் கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லுக்குப் பணம் வந்ததும் வாங்குவதாகத் திட்டம். பெட்டி இருக்கப்போவது கும்பகோணத்தில், அவர் வீட்டுக் கூடத்தில். பழைய காலத்து நீளக் கூடம், நடுவில் ஊஞ்சல். ஒரு ஸ்பீக்கர் முற்றத்துத் தூணை ஒட்டி, இன்னொன்று பூஜை அறைக் கதவுக்குப் பக்கத்தில். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், எந்தப் பெட்டி என்பதைப் பாதி அந்தக் கூடமே முடிவு செய்துவிடுகிறது.

எங்களுக்கு முக்கியமாக வேண்டியது முதல் நான்கு ஆல்பங்கள்: 1963 மார்ச்சில் வந்த 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ', அதே ஆண்டு நவம்பரில் வந்த 'வித் த பீட்டில்ஸ்', 1964 ஜூலையில் 'எ ஹார்ட் டேஸ் நைட்', டிசம்பரில் 'பீட்டில்ஸ் ஃபார் சேல்'. இரண்டே வருடத்துக்குள் நான்கு ஆல்பங்கள். இவை பலமுறை மறுவெளியீடு கண்டிருக்கின்றன. இன்று கையில் எடுத்துப் பார்க்கத் தகுந்தவை என்று 2009 ஸ்டீரியோ சிடி பெட்டி, அதே நாளில் வந்த மோனோ சிடி பெட்டி, 2014 மோனோ எல்பி (வினைல் இசைத்தட்டு) பெட்டி ஆகிய மூன்றைச் சொல்வேன். இவற்றுக்கு வெளியே இன்னும் இரண்டு மூன்று உண்டு, அவற்றையும் தொட்டுப்போகிறேன்.

ஸ்டீரியோவா மோனோவா என்ற கேள்வியைத் தீர்த்துவிட்டால் மற்றது சுலபம். மோனோ என்றால் எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்து இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி வருவது, ஸ்டீரியோ என்றால் இடது வலது என்று பிரிந்து வருவது. ஸ்டீரியோ பின்னால் வந்தது, இரண்டு பக்கமும் கேட்கிறது, அதனால் அதுதான் மேலானது என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த ஆல்பங்கள் எப்படிப் பதிவாயின என்று தெரிந்தால் அந்த எண்ணம் நிற்காது.

1963 பிப்ரவரி 11. லண்டன் ஆபி ரோட்டில் இருந்த இஎம்ஐ ஸ்டூடியோவில் காலை 10 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணி தாண்டும்வரை, முதல் ஆல்பத்தின் 14 பாட்டுகளில் 10 பாட்டுகளை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். மீதி நான்கும் முன்பே சிங்கிளாக (ஆல்பத்துக்கு வெளியே தனிச் சிறு தட்டாக) வந்தவை. குழுவின் பாடகர் ஜான் லெனனுக்கு அன்று ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் பாட்டு என்பதால் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' டைக் கடைசிக்கு வைத்தார்கள். முதல் டேக்கிலேயே, அதாவது முதல் தடவை பாடிப் பதிந்ததிலேயே, பாட்டு அமைந்துவிட்டது, அடுத்த டேக்குக்குக் குரல் மிச்சமில்லை. அந்தக் கரகரப்பைத்தான் அறுபது வருடத்துக்கு மேலாக உலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அன்று ஓடிய டேப்பில் இருந்தவை இரண்டே இரண்டு டிராக்குகள். ஒன்றில் வாத்தியங்கள், இன்னொன்றில் பெரும்பாலும் குரல். ஸ்டீரியோவாகக் கேட்பதற்காக அப்படிப் பிரிக்கவில்லை. குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியே வைத்துக்கொண்டால், பிறகு ஒன்றாகக் கலந்து மோனோவாக்கும்போது எது எவ்வளவு தூக்கலாக இருக்கவேண்டும் என்று சரிபார்க்கலாம், அவ்வளவுதான். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் நார்மன் ஸ்மித்தும் உழைத்தது அந்த மோனோ கலவைக்கு. அன்றைக்குப் பிரிட்டிஷ் வீடுகளில் இருந்த ரெக்கார்ட் பிளேயரும் பெரும்பாலும் மோனோ, ரேடியோவும் மோனோ. இந்தியாவிலும் அப்படித்தான். கல்கத்தா டம்டம் இசைத்தட்டு ஆலையில் பீட்டில்ஸ் பாட்டுகள் நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய வகைத் தட்டாகக்கூட அச்சாயின. இன்று உலகம் முழுக்க அந்தத் தட்டுகளைத் தேடுகிறார்கள்.

ஸ்டீரியோ பதிப்பில் என்ன நடந்தது என்றால், அந்த இரண்டு டிராக்குகளையும் ஏறக்குறைய அப்படியே இடம் வலமாக வைத்துவிட்டார்கள். இடது ஸ்பீக்கரில் கித்தாரும் டிரம்ஸும், வலது ஸ்பீக்கரில் குரல். தவில்காரர் தெருக் கோடியில் உட்கார்ந்து வாசிக்க, நாதஸ்வரக்காரர் கோயில் வாசலில் நின்று வாசித்தால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டும் நல்ல வாசிப்புதான், ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தால்தானே மேளம் களைகட்டும்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், சரியான தூரத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து கேட்கும் அறையில் இதைச் சமாளித்துவிடலாம். எங்கள் கூடத்தில் அப்படி யாரும் உட்காருவதில்லை. ஒருவர் ஊஞ்சலில், ஒருவர் முற்றத்து ஓரம் தரையில், அத்தை பூஜை அறை வாசலில் பூக்கட்டிக்கொண்டு. ஸ்டீரியோவில் 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்' போட்டால் முற்றத்து ஓரம் இருப்பவருக்குப் பேஸ் கித்தாரும் டிரம்ஸும் திம்மென்று விழுகிறது, பாடுகிறவர் எங்கோ உள்ளறையில் இருக்கிற மாதிரி. அத்தை பக்கம் நேர் எதிர். மோனோவில் மூன்று பேரும் ஒரே பாட்டைக் கேட்கிறார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எங்களுக்கு அது பெரிய காரணம். மாமாவுக்கு வலது காது மந்தம். ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு அவர் ஹெட்போனில் கேட்பார். முதல் இரண்டு ஆல்பங்களையும் ஸ்டீரியோவில் ஹெட்போன் வழியாகக் கேட்டால் குரல் முழுக்கப் போவது அந்த வலது காதுக்கு. அவருக்குக் கிடைப்பது பாட்டில்லாத பின்னணி. ஆம்ப்ளிஃபையரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்திவிடலாம், ஃபோனிலும் அதற்கு வசதி உண்டு. இரண்டு பக்கத்தையும் கூட்டிப் போட்டுவிடும், சரி. ஆனால் கூட்டிய ஸ்டீரியோவும் 1963-ல் கலந்த மோனோவும் ஒன்றல்ல. இரண்டும் தனித்தனியாகச் செய்த கலவைகள், சில இடங்களில் பதிவே வேறு.

'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டின் ஸ்டீரியோ வடிவத்தில் கடைசிச் சரணத்தில் லெனன் வரியைத் தப்பாகப் பாடி, அடுத்த இடத்தில் சிரிப்பை அடக்குவது கேட்கும். மோனோவில் அது கிடையாது. 'இஃப் ஐ ஃபெல்' பாட்டில் பால் மெக்கார்ட்னியின் உச்சஸ்தாயிக் குரல் ஓரிடத்தில் உடைவது ஸ்டீரியோவில் அப்படியே இருக்கிறது, மோனோவில் இல்லை. அதே பாட்டின் தொடக்கத்தில் லெனன் தனியாகப் பாடும் பகுதி, ஸ்டீரியோவில் குரல்மேல் குரல் ஏற்றியது, மோனோவில் ஒற்றைக் குரல். அந்த ஒற்றைக் குரலில் இருக்கும் தயக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பாட்டுக்கே அதுதான் உயிர் என்பேன். 'லவ் மீ டூ' வுக்கு ஸ்டீரியோ எடுக்க அசல் டேப்பே மிஞ்சவில்லை. அதனால் ஸ்டீரியோ பெட்டியிலும் அது மோனோவாகத்தான் இருக்கிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். மூன்றாவது ஆல்பத்துக்கு வரும்போது ஸ்டூடியோவில் நான்கு டிராக் டேப் வந்துவிட்டது. குரல் நடுவுக்கு நகர்ந்தது, வாத்தியங்களைப் பரப்ப இடம் கிடைத்தது. 'பீட்டில்ஸ் ஃபார் சேல்' ஸ்டீரியோவில் கேட்க உண்மையிலேயே அழகு. அக்கூஸ்டிக் கித்தார்களுக்கு நடுவே காற்று ஓடுகிறது. 'எய்ட் டேஸ் எ வீக்' மெல்ல ஒலி ஏறித் தொடங்கும் இடத்தை ஸ்டீரியோவில் கேட்கவேண்டும் என்று தம்பி அடம்பிடிக்கிறான், அவன் பக்கம் ஞாயம் இருக்கிறது. ஆக ஸ்டீரியோவின் குறை முழுமையாகத் தெரிவது முதல் இரண்டு ஆல்பங்களில். ஆனால் நாங்கள் பெட்டி வாங்குவதே அந்த முதல் வருடத்துக்காகத்தானே.

இனி பெட்டிகளுக்கு வருவோம்.

2009 செப்டம்பர் 9 அன்று வந்த ஸ்டீரியோ பெட்டியில் 16 சிடிகளும் ஒரு டிவிடியும் இருக்கின்றன. நான்கு வருட உழைப்பில் ஆபி ரோட்டிலேயே ரீமாஸ்டர் செய்தது, அதாவது பழைய டேப்பின் ஒலியைச் செப்பனிட்டது. சுத்தமான வேலை. புதிதாகவும் கிடைக்கிறது, ஆல்பங்கள் தனித்தனி சிடியாகவும் வந்தன. 'ஆபி ரோட்', 'லெட் இட் பி' உட்பட எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்பவருக்கு இதுதான் பெட்டி. அந்தக் கடைசி ஆல்பங்கள் மோனோ பெட்டியில் இருக்காது, ஏனென்றால் அவற்றுக்கு மோனோ கலவை செய்யவே இல்லை. ஸ்ட்ரீமிங்கில் இக்குழுவின் பெயரைத் தட்டினால் வருவதும் இந்த 2009 ஸ்டீரியோ வடிவம்தான். மாதச் சந்தா கட்டுகிற எங்களுக்கு இது ஏற்கெனவே கையில் இருக்கிற மாதிரி. அதற்கே மறுபடி பணம் கொடுக்க மனசு வரவில்லை.

மோனோ சிடி பெட்டி அதே நாளில் வந்தது. 10 ஆல்பங்கள், கூடவே 'மோனோ மாஸ்டர்ஸ்' என்று இரண்டு சிடி, மொத்தம் 13. ஸ்டீரியோ பெட்டிக்கு ஒலியளவை லேசாகத் தூக்கிவிட்டார்கள். இதில் அந்த வேலை செய்யவில்லை. சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்கும், ஆனால் வால்யூமைத் திருப்பினால் டிரம்ஸின் அடி முழுசாக வந்து விழுகிறது. சிடிகள் ஒவ்வொன்றும் அசல் எல்பி உறையின் குட்டி நகலில் இருக்கின்றன. 'ஹெல்ப்!', 'ரப்பர் சோல்' இரண்டுக்கும் மோனோவோடு 1965-ன் அசல் ஸ்டீரியோ கலவையும் அதே சிடியில் சேர்த்திருக்கிறார்கள். ஸ்டீரியோ பெட்டியில் இந்த இரண்டுக்கும் இருப்பது ஜார்ஜ் மார்ட்டின் 1987 சிடிக்காக மறுபடி கலந்தது. ஆக ஸ்டீரியோ பிரியர்களுக்கும் மோனோ பெட்டியில் கொஞ்சம் வரும்படி உண்டு.

'மோனோ மாஸ்டர்ஸ்' இருப்பதை நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன். 'ஃப்ரம் மீ டு யூ', 'ஷீ லவ்ஸ் யூ', 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' ஆகிய மூன்றும் பிரிட்டிஷ் ஸ்டூடியோ ஆல்பங்கள் எதிலும் கிடையாது. முதல் ஆல்பத்தில் நான்கு சிங்கிள் பாட்டுகள் இருந்தாலும், சிங்கிளாக வந்த பாட்டை மறுபடி ஆல்பத்தில் வைத்துக் காசு வாங்கக்கூடாது என்று அன்றைக்கு ஒரு எண்ணம் இருந்தது. 1963-ஐ இந்த மூன்று பாட்டும் இல்லாமல் கேட்பது குறைதான். நான்கு ஆல்பத்தை மட்டும் தனியாகத் தேடி வாங்குவதைவிட பெட்டி மேல் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

அப்புறம் 2014 மோனோ எல்பி பெட்டி. மனசு போவது இதன் பக்கம்தான், மறைக்க என்ன இருக்கிறது. 14 எல்பி, 108 பக்கத்தில் கெட்டி அட்டைப் புத்தகம். ஷான் மேகியும் ஸ்டீவ் பெர்கோவிட்ஸும் அசல் மாஸ்டர் டேப்பை ஓடவிட்டு, நடுவில் டிஜிட்டலே வராமல், நேராகத் தட்டு வெட்டினார்கள். அறுபதுகளில் வெட்டியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்த வேலை. கேட்டவர்கள் சொல்வது மிகை இல்லை: 'எ ஹார்ட் டேஸ் நைட்' தொடக்கத்தில் வரும் அந்த ஒற்றை கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒரே மீட்டலில் ஒலிப்பது), எல்பியில் அறைக்குள் மணி அடித்த மாதிரி விரிகிறது.

ஆனால் டெல்டாவில் எல்பி வைத்துக் காப்பாற்றுவது தனி உத்தியோகம். மாமாவிடம் ஒரு மரப்பெட்டி நிறைய பழைய தட்டுகள் உண்டு, பெரும்பாலும் நாதஸ்வரமும் வாய்ப்பாட்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கூடத்துச் சுவரே வியர்க்கும். போன மழைக்காலம் முடிந்து ஒரு தட்டை எடுத்தபோது உள்ளுறைக் காகிதம் தட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வரிப்பள்ளங்களுக்குள் ஊசிமுனை அளவில் வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சணம். காய்ச்சி வடித்த தண்ணீரில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து, மெல்லிய துணியால் வரியோடு வரியாகத் துடைத்தோம். கண்ணுக்குப் போய்விட்டது, காதுக்குப் போகவில்லை. ஆலாபனை முழுக்க நெல் பொரிகிற சத்தம். மழை விட்டால் தை மாதம், தெருவில் அறுவடை இயந்திரமும் வைக்கோல் வண்டியும், தூசு கூடத்துக்குள் வராமல் இருக்காது. பங்குனி போனால் வெயில். வினைல் உருக அடுப்பு வேண்டியதில்லை, மூடிய வண்டிக்குள் 60 டிகிரியைத் தொட்டாலே தட்டு நெளிய ஆரம்பிக்கும். கத்திரி வெயிலில் கூரியர் வேனுக்குள் ஒரு பகல் கிடந்து வரும் பெட்டியை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இதுவும் போக, இந்த ஆல்பங்கள் ஒவ்வொன்றும் அரைமணி நேரத்தை ஒட்டித்தான் ஓடும். எல்பியில் பதினைந்து பதினாறு நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் போடவேண்டும். முழங்கால் வலியோடு ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பவரை அதற்கு எழுப்ப எனக்கு இஷ்டமில்லை. ஸ்டைலஸ் முள் தேய்ந்தால் சென்னையிலிருந்து வரவேண்டும். பாட்டு நடுவில் கரண்ட் போனால் முள் தட்டின்மேல் அப்படியே நிற்கும்.

ஏசி அறையும், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வழியும், தினமும் துடைத்து வைக்கப் பொறுமையும் இருக்கிறவர்கள் எல்பிக்குப் போகலாம், தாராளமாகப் போகலாம். மோனோ எல்பிகள் 2014-ல் தனித்தனியாகவும் விற்றன, ஆகவே முழுப்பெட்டி கட்டுப்படியாகாவிட்டால் முதல் இரண்டை மட்டும் தேடிப் பார்க்கலாம்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. 2024 நவம்பரில் 1964-ன் அமெரிக்க ஆல்பங்கள் மோனோ எல்பி பெட்டியாக வந்தன. வெட்டிய விதம் அருமை, ஆனால் அமெரிக்காவில் கேப்பிட்டல் நிறுவனம் பாட்டுகளைக் குறைத்து, வரிசையைக் கலைத்து, பெயரை மாற்றி வெளியிட்டவை அவை. சிறு வயதில் அந்த வரிசையில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது சொர்க்கம். நமக்கு அந்த நினைவு இல்லை. 2023-ல் மறுபடி வந்த 'சிவப்பு' தொகுப்பில், ஒரே டிராக்கில் ஒட்டிக் கிடந்த டிரம்ஸையும் கித்தாரையும் கணினியை வைத்துப் பிரித்து, ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் ஆரம்பப் பாட்டுகளுக்குப் புது ஸ்டீரியோ செய்திருக்கிறார். குரலும் டிரம்ஸும் நடுவில் வந்துவிட்டன, மேலே நான் சொன்ன குறை அதில் தீர்ந்திருக்கிறது. ஆனால் அது பொறுக்கியெடுத்த பாட்டுகளின் தொகுப்பு, ஆல்பம் அல்ல. நான்கு ஆல்பத்தையும் அப்படிச் செய்வார்கள் என்று காத்திருக்கலாம் என்பது தம்பியின் யோசனை. மாமாவுக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

மோனோ சிடி பெட்டிதான் என்று ஆகிவிட்டது. இதில் உள்ள சிக்கல், அது இப்போது புதிதாகக் கடையில் கிடைப்பது அரிது. மறுவிற்பனையில்தான் பார்க்கவேண்டும், விலை ஆளுக்கு ஆள் மாறும், வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கவரி வேறு. போலிப் பெட்டிகளும் நிறைய உலவுகின்றன. சிடியின் உள்வட்டம், உறையின் முதுகு, புத்தகத்தின் அச்சு ஆகியவற்றைப் பக்கத்தில் எடுத்த படம் கேட்டு, தரத் தயங்குகிறவரிடம் வாங்குவதில்லை என்று பேசிவைத்திருக்கிறோம். இந்தச் சிடிகள் தனித்தனியாக விற்கப்படவில்லை, ஆகவே ஒன்றிரண்டு காணாமல் போன பெட்டியைக் குறைந்த விலைக்குத் தந்தாலும் வேண்டாம். விட்டுப்போனதை நிரப்ப வழியில்லை.

பங்குனிக்குள் கட்டுப்படியான விலையில் அமையாவிட்டால் ஒரு மாற்று வைத்திருக்கிறேன். 1987-ல் முதன்முதலாகச் சிடி வந்தபோது இந்த நான்கு ஆல்பங்களும் மோனோவிலேயே வந்தன. பழைய சிடி விற்பவர்களிடம் அவை இன்னமும் கிடைக்கின்றன, விலையும் பெட்டியோடு ஒப்பிட்டால் சொற்பம். ஒலி 2009 அளவுக்குத் திரட்சியாக இருக்காது, மேல் ஸ்தாயிச் சத்தம் கொஞ்சம் மெலிவு. இருந்தாலும் கலவை அதே கலவை. சிங்கிள்களுக்கு 1988-ல் வந்த 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' முதல் தொகுதியைச் சேர்த்துக்கொண்டால் ஐந்து சிடியில் 1963-ம் 1964-ம் கைக்கு வந்துவிடும்.

தம்பி இதற்கும் ஒத்துக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு: 'பீட்டில்ஸ் ஃபார் சேல்' ஸ்டீரியோ சிடி தனியாக ஒன்று வாங்கித் தரவேண்டும். அது மயிலாடுதுறையில் அவன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று மாமா சொல்லிவிட்டார்.